"எங்கே எழுதியிருக்கிறது?": தொகுக்கப்படாத அரசியலமைப்பைத் தனியாக உட்கார்ந்து படிப்பது எப்படி

நான் பிளஸ் ஒன் படித்தபோது அப்பா கும்பகோணத்துக்கு ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார். எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம், குடமுருட்டிக் கரை. கிளை வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சுவார்கள். தலைமடைக்கு மூன்று நாள், நடுவில் இருப்பவர்களுக்கு மூன்று நாள், கடைமடைக்கு நாலு நாள். தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரவே அரை நாள் ஆகும் என்பதால் அந்த ஒரு நாள் கூடுதல். எந்த வீட்டிலாவது துக்கம் விழுந்தால் அந்த வீட்டு முறை கழியாது. காரியம் முடிந்த பிறகு பாய்ச்சிக்கொள்ளலாம். அந்த வருடம் தலைமடைக்காரர் ஒருவர் ஐந்தாம் நாளாகியும் மடையை அடைக்கவில்லை. போய்க் கேட்டவர்களிடம், "எங்கே எழுதியிருக்கிறது?" என்றார். கும்பகோணத்து வக்கீலும் முதல் கேள்வியாக அதையேதான் கேட்டாராம்.

அப்புறம் 31 வருடம் மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு நாலைந்து பேர் வருகிறார்கள். ஒருத்தி சட்டக் கல்லூரி, இரண்டு பேர் குரூப் 1 தேர்வுக்கு, ஒரு பையன் வலங்கைமானிலிருந்து, அஞ்சல் வழியில் எம்.ஏ. பிரிட்டன் பாடம் வந்தால் நாலு பேரும் கேட்பது அதே கேள்வி: "டீச்சர், அவங்களுக்கு அரசியலமைப்பே இல்லையா? எங்கே எழுதியிருக்கு?" திண்ணைக்கு வர முடியாதவர்களுக்காக, நான் நடத்தும் விதத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் சொல்லைத் திருத்துங்கள்

நம் கைடுகளில் "எழுதப்படாத அரசியலமைப்பு" என்று போட்டிருக்கும். அதை அடித்துவிட்டு "தொகுக்கப்படாத" என்று எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிரிட்டனின் அரசியலமைப்பில் பெரும்பகுதி எழுத்தில்தான் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் அரசர் வரி போடக் கூடாது, சட்டத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்று 1689-இன் உரிமைச் சட்டம் சொல்கிறது. அடுத்து யார் அரியணை ஏறுவது என்பதை 1701-இன் சட்டம் தீர்மானிக்கிறது. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் கையைக் கட்டிய சட்டம் 1911. மனித உரிமைச் சட்டமும் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் தந்த சட்டமும் 1998. உச்ச நீதிமன்றத்தை உண்டாக்கியது 2005-இன் சட்டம்; அந்த நீதிமன்றம் வேலையைத் தொடங்கியது 2009 அக்டோபரில். அதுவரை பிரபுக்கள் சபைக்குள் இருந்த நீதிபதிகள்தான் கடைசி மேல்முறையீட்டைக் கேட்டார்கள் என்பது பலருக்கு இன்னும் தெரியாது.

இவ்வளவும் எழுத்துதான். ஒரே அட்டைக்குள் தைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத்தான் பையன்களுக்குத் திறந்து காட்டுவேன். தாத்தா வாங்கிய கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, கிஸ்தி ரசீதுகள், கோர்ட் தீர்ப்பு நகல் ஒன்று, பெரியப்பா கைப்பட எழுதிய ஒரு கடிதம். "இந்த நிலம் எங்களுடையது" என்று சொல்லும் ஒரே காகிதம் அதில் கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் படித்தால் நிலம் யாருடையது, யாருக்கு வழிப்பாதை உரிமை, எது அனுபவத்தில் மட்டும் இருக்கிறது என்பது தெரியும். பிரிட்டன் தகரப் பெட்டி, இந்தியா பைண்டு போட்ட புத்தகம். 1950-இல் நம் புத்தகத்துக்கு 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். தகரப் பெட்டிக்காரர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். வழக்கமாகச் சொல்லும் மூன்று பெயர்கள் பிரிட்டன், நியூஸிலாந்து, இஸ்ரேல். நியூஸிலாந்தில் 1986-இல் 'அரசியலமைப்புச் சட்டம்' என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது, ஆனால் அது பெட்டிக்குள் இருக்கும் ஒரு காகிதம். இஸ்ரேல் அவ்வப்போது ஒவ்வொரு அடிப்படைச் சட்டமாகப் போட்டுக்கொண்டு வருகிறது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

ஒரு நோட்டில் நாலு பத்தி

இனி ஒரு அன்ரூல்டு நோட்டு எடுங்கள். பக்கத்தைக் குறுக்கே திருப்பி நாலு பத்தி போடுங்கள். முதல் பத்தியில் விதி. இரண்டாவதில் அது எங்கே இருக்கிறது: சட்டமா, தீர்ப்பா, மரபா, அரச சிறப்புரிமையா. மூன்றாவதில் ஆண்டு. நாலாவதில், மீறினால் என்ன நடக்கும், யார் கேட்பார்கள்.

நாலாவது பத்திதான் பாடம். மற்ற மூன்றையும் எந்த கைடும் கொடுத்துவிடும்.

பாடப்புத்தகம் 1215-இன் மகா சாசனத்தில் (மாக்னா கார்ட்டா) ஆரம்பிக்கும். அங்கே ஆரம்பிக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். ஜான் அரசர், பிரபுக்கள், ரன்னிமீடு என்று கதை கேட்டுக்கொண்டே மூன்று வாரம் ஓடிவிடும், விதி ஒன்றும் கையில் நிற்காது. விதி உடைந்த இடத்தில் ஆரம்பியுங்கள். வாய்க்கால் கரை எவ்வளவு கனம் என்பது உடைப்பெடுத்த அன்றைக்குத்தானே தெரிகிறது.

நான் முதல் வரிசையாக எழுதச் சொல்வது 2019 செப்டம்பர். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஐந்து வாரத்துக்கு முடித்துவைக்கும்படி அரசிக்கு ஆலோசனை சொன்னார். அரசியும் அப்படியே செய்தார். முடித்துவைப்பதும் கலைப்பதும் வேறு வேறு என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கலைத்தால் தேர்தல் வரும். முடித்துவைத்தால் அதே உறுப்பினர்கள் அடுத்த தொடருக்குத் திரும்பி வருவார்கள். இந்த அதிகாரம் எந்தச் சட்டத்திலிருந்தும் வந்ததில்லை. அது அரச சிறப்புரிமை. ஒரு காலத்தில் அரசர் கையில் இருந்த அதிகாரங்களில் நாடாளுமன்றம் இன்னும் பிடுங்கிக்கொள்ளாத மிச்சம் அது. பெயர் அரசருடையது, பயன்படுத்துவது அமைச்சர்கள்.

வழக்கு நடந்தது. இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் இது நீதிமன்றம் தொடும் விஷயமே இல்லை என்றது. ஸ்காட்லாந்து நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில், தக்க காரணம் இல்லாமல் நாடாளுமன்றம் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதால் அந்த ஆலோசனை சட்டவிரோதம், கூட்டத்தொடர் முடியவே இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். கூட்டத்தொடரை முடித்துவைக்க ஆணையர்கள் கொண்டுவந்தது வெற்றுக் காகிதத்துக்குச் சமம் என்றது நீதிமன்றம். மறுநாளே அவை கூடியது.

இப்போது நாலாவது பத்தியில் என்ன எழுதுவீர்கள்? "நீதிமன்றம் கேட்கும்" என்று எழுதலாம். ஏன் கேட்க முடிந்தது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் அரசருக்குச் சிறப்புரிமை என்று 1610-லேயே தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் ஒரு வழக்கில் சொல்லிவிட்டார். நானூறு வருடம் பெட்டிக்குள் கிடந்த காகிதம் அது, வேண்டியபோது எடுத்தார்கள்.

அதே கேள்வி, எதிர்ப்பக்கத்திலிருந்து

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு என்டிக் எதிர் கேரிங்டன், 1765. பெயரை மனப்பாடம் செய்வதற்கு முன் கதையைக் கேளுங்கள்.

1762-இல் ஜான் என்டிக் என்ற எழுத்தாளர் வீட்டுக்குள் அரசரின் தூதர்கள் நாலு பேர் புகுந்தார்கள். அரசைத் தாக்கி எழுதும் பத்திரிகை ஒன்றோடு அவருக்குத் தொடர்பு என்று சந்தேகம். நாலு மணி நேரம் பெட்டி படுக்கையெல்லாம் உடைத்துத் தேடி, காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கையில் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு கொடுத்த உத்தரவு இருந்தது. என்டிக் அத்துமீறி நுழைந்ததற்காக வழக்குப் போட்டார். நாட்டு நன்மைக்காக அமைச்சருக்கு இந்த அதிகாரம் வேண்டும், நெடுங்காலமாக இப்படித்தான் செய்துவருகிறோம் என்றது அரசுத் தரப்பு. தலைமை நீதிபதி கேம்டன் பிரபுவின் பதிலின் சாரம் இது: அது சட்டமென்றால் நம் நூல்களில் இருக்கும், நூல்களில் இல்லையென்றால் அது சட்டமில்லை.

பார்த்தீர்களா? "எங்கே எழுதியிருக்கிறது?" என்ற அதே கேள்விதான். எங்கள் வாய்க்காலில் தலைமடைக்காரர் கடைமடைக்காரனைப் பார்த்துக் கேட்டார். இங்கே நீதிபதி அரசைப் பார்த்துக் கேட்கிறார். சட்டத்தின் ஆட்சி என்ற கருத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை. ஒருவன் வீட்டுக் கதவை உடைக்க வருகிற அதிகாரி, தனக்கு அதிகாரம் தரும் சட்டத்தைக் காட்ட வேண்டும். வீட்டுக்காரன் எதையும் காட்டத் தேவையில்லை. டைசி என்ற பேராசிரியர் 1885-இல் சட்டத்தின் ஆட்சியை விளக்கி எழுதியபோது, ஆங்கிலேயரின் உரிமைகள் பிரகடனங்களிலிருந்து வந்தவையல்ல, சாதாரண நீதிமன்றங்களில் சாதாரண மனிதர்கள் போட்ட வழக்குகளிலிருந்து வந்தவை என்று வாதிட்டார். அதற்கு என்டிக் நல்ல சாட்சி.

நாடாளுமன்ற இறைமை

தேர்வில் அதிகம் கேட்கப்படுவது இதுதான், ஆனால் புரிந்துகொள்ள எளியது. டைசி சொன்னபடி நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தையும் இயற்றலாம், எந்தச் சட்டத்தையும் நீக்கலாம். அது இயற்றிய சட்டத்தைத் தள்ளிவைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. நீதிமன்றம் அமைச்சரைத் தடுக்கலாம், 2019-இல் தடுத்ததுபோல. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது. நம் ஊரில் 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தத்தால்கூட அழிக்க முடியாது என்றார்களே, அந்த வார்த்தையை லண்டனில் ஒரு நீதிபதி சொல்ல இடமில்லை.

இதற்குள் இன்னொரு விதி ஒளிந்திருக்கிறது. இன்றைய நாடாளுமன்றம் நாளைய நாடாளுமன்றத்தின் கையைக் கட்ட முடியாது. 2011-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் தேர்தல், முன்கூட்டியே தேர்தல் வேண்டுமானால் மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 2019-இல் ஜான்சன் மூன்று முறை முயன்றும் அந்த ஆதரவு கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? "2011 சட்டம் எப்படிச் சொன்னாலும் டிசம்பர் 12 அன்று தேர்தல்" என்ற பொருளில் ஒரு குட்டிச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றிவிட்டார்கள். 2022-இல் 2011 சட்டத்தையே ரத்து செய்தார்கள். பூட்டுப் போட்டவனிடமே சாவி இருக்கும் வீடு அது.

ஒரு வாழைப்பழக் கதையும் உண்டு. எங்கள் பக்கத்தில் தார் கணக்கிலும் சீப்புக் கணக்கிலும் விற்பதால் இந்த வழக்கு வராது. சண்டர்லாந்தில் ஒரு கடைக்காரர் கிலோ தராசு வைக்க மாட்டேன், பவுண்டு எடைக் கணக்கில்தான் வாழைப்பழம் விற்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். 2001-இல் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் அவர் வக்கீல் நல்ல வாதம் ஒன்றை வைத்தார். பவுண்டை அனுமதிக்கும் எடை அளவைச் சட்டம் 1985. கிலோவைக் கட்டாயமாக்கும் விதிகளுக்கு வேர், ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்த 1972-இன் சட்டம். பின்னால் வந்த சட்டம் முன்னால் வந்ததை வாய் திறந்து சொல்லாமலே நீக்கிவிடும் என்பது பழைய விதி. அப்படியானால் 1985 ஜெயிக்க வேண்டும். 2002-இல் நீதிபதி லாஸ் ஒப்புக்கொள்ளவில்லை. சில சட்டங்கள் சாதாரணச் சட்டங்கள், சில அரசியலமைப்புத் தகுதி கொண்ட சட்டங்கள், இரண்டாம் வகையை நீக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றம் வெளிப்படையாகச் சொல்லித்தான் நீக்க வேண்டும் என்றார். பெட்டிக்குள் எல்லாக் காகிதமும் ஒரே தரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சிலவற்றைத் தனி உறையில் போட்டு வைத்திருக்கிறது என்று சொன்ன தீர்ப்பு அது. கடைக்காரர் தோற்றார். நாலாவது பத்தியில் "வெளிப்படையாகச் சொன்னால் நீக்கலாம்" என்று எழுதுங்கள்.

மரபு: இங்கே நிதானமாகப் போங்கள்

பாடத்தின் முள் இங்கேதான். சட்டப்படி பிரிட்டிஷ் அரசர் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கலாம். கடைசியாக அப்படி மறுத்தவர் ஆன் அரசி, 1708-இல், ஸ்காட்லாந்துப் படை பற்றிய ஒரு மசோதாவுக்கு. அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. மறுக்கும் அதிகாரம் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அதை எடுக்காமல் இருப்பது மரபு.

பிரதமர் மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் மரபுதான். 1963-இல் ஹ்யூம் பிரபு பிரதமரானபோது பிரபுக்கள் சபையில் இருந்தார். அதனால் பட்டத்தைத் துறந்து, ஸ்காட்லாந்தில் ஓர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து வந்தார். நடுவில் ஏறத்தாழ இரண்டு வாரம் ஒரு நாட்டின் பிரதமர் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லை. நம் ஊரில் இதற்கு 75-ஆம் பிரிவில் ஆறு மாதம் என்று எழுதியே வைத்திருக்கிறோம்.

எது மரபு, எது வெறும் பழக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சர் ஐவர் ஜென்னிங்ஸ் என்ற பிரிட்டிஷ் அரசியலமைப்பு அறிஞர் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னார். முன்னுதாரணங்கள் உண்டா? சம்பந்தப்பட்டவர்கள் தாங்கள் கட்டுப்பட்டவர்கள் என்று நினைத்து நடந்தார்களா? அந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கிறதா? 1993-இல் நீதிபதிகள் நியமன வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே இந்த மூன்றையும் எடுத்துப் பயன்படுத்தியது.

இதைப் பழக நான் தருவது ஜூன் 12. மேட்டூர் அணை திறக்கும் நாள். அணை 1934-இலிருந்து இருக்கிறது. முன்னுதாரணம் உண்டா? தண்ணீர் இருந்த வருடங்களில் உண்டு. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது, 2025-இல் மறுபடி ஜூன் 12. கட்டுப்பாடு உணர்கிறார்களா? தேதி தள்ளிப்போனால் அமைச்சர் நீர்மட்டத்தைக் காட்டிக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் சொல்ல வேண்டியிருப்பதே கட்டுப்பாட்டின் அடையாளம். விதிக்குக் காரணம் உண்டா? அதை டெல்டாவில் சின்னப் பிள்ளையும் சொல்லும்: அப்போது திறந்தால்தான் ஐப்பசி மழைக்கு முன் குறுவையை அறுக்கலாம், பின்னாலேயே தாளடி வைக்கலாம். மூன்றுக்கும் பதில் வந்துவிட்டது.

இங்கே நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் அப்பாவின் வாய்க்கால் முறையைத்தான் மரபுக்கு உதாரணமாக நடத்தினேன். இரண்டு வருடத்துக்கு முன் சட்டக் கல்லூரிப் பெண் மறித்தாள். "டீச்சர், அது வழக்கம். கோர்ட்ல நிரூபிச்சா கோர்ட் அமல்படுத்தும். மரபை கோர்ட் அமல்படுத்தாது." அவள் சொன்னது சரி. நம் அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவே, சட்டம் என்ற சொல்லுக்குள் சட்ட வலிமை பெற்ற வழக்கத்தையும் சேர்க்கிறது. கும்பகோணத்து வக்கீலும் அந்த முதல் கேள்வியோடு நிற்கவில்லை. எத்தனை வருடமாக இப்படி, யார் வந்து சாட்சி சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறார். வழக்கத்தை நிரூபிப்பதற்கான கேள்விகள் அவை. மரபு அப்படியில்லை. அது இருக்கிறது என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்ளும், மீறியவனைத் தண்டிக்காது. தமிழில் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம், அதனால் வந்த வினை. உங்கள் நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள்.

நீதிமன்றம் தண்டிக்காது என்றால் யார் கேட்பார்கள்? மீறினால் வரும் அரசியல் சிக்கல்தான் மரபைக் காப்பாற்றுகிறது என்றார் ஜென்னிங்ஸ். இந்த இடத்துக்கு மட்டும் அப்பாவின் கதை இன்னும் பொருந்துகிறது. கடைசியில் அவர்கள் வழக்குப் போடவில்லை. அடுத்த நடவுக்குத் தலைமடைக்காரர் வயலில் இறங்கக் கடைமடை ஆட்கள் ஒருவரும் போகவில்லை. அதற்கப்புறம் நாலாம் நாள் காலையில் மடை ஒழுங்காக அடைபட்டது.

உடைந்த மரபு என்ன ஆகும்

சில சமயம் சட்டமாகிவிடும். வரவு செலவுத் திட்டத்தைப் பிரபுக்கள் சபை தொடாது என்பது மரபு. 1909-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் நிலத்துக்கும் பெரும் பணக்காரர்களுக்கும் வரி போட்டுக் கொண்டுவந்த திட்டத்தை அவர்கள் 350-க்கு 75 என்று தோற்கடித்தார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. நீதிமன்றத்துக்கு வேலையும் இல்லை. 1910-இல் இரண்டு பொதுத்தேர்தல் நடந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் புதுப் பிரபுக்களை நூற்றுக்கணக்கில் நியமித்து உங்கள் சபையை நிரப்பிவிடுவோம் என்று மிரட்டல். 1911-இல் நாடாளுமன்றச் சட்டம் வந்தது. பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் பிடித்துவைக்க முடியாது, மற்றவற்றை இரண்டு வருடம் தாமதப்படுத்தலாம். 1949-இல் அந்த இரண்டு வருடம் ஒரு வருடமாகக் குறைந்தது. மரபாக இருந்தவரை பிரபுக்கள் தாங்களாகவே கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீறினார்கள், ஊரார் கட்டிவிட்டார்கள்.

நம் குடிமராமத்துக்கும் இதுதான் நடந்தது. ஊரார் கூடி வாய்க்கால் தூர் வாருவது யாரும் சொல்லாமல் நடந்துவந்த காரியம். ஆட்கள் வராமல் போக ஆரம்பித்ததும் 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டு, வழக்கப்படி வர வேண்டியவர் வராவிட்டால் பணம் வசூலிக்க வழி செய்தார்கள். சட்டம் வந்ததால் வாய்க்கால் சுத்தமானதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

எழுதிவைத்தும் சட்டமாகாமல் போவது உண்டு. ஸ்காட்லாந்துக்கு விட்டுக்கொடுத்த விஷயங்களில் அதன் சம்மதம் இல்லாமல் லண்டன் சாதாரணமாகச் சட்டம் இயற்றாது என்பது சூவல் மரபு. 2016-இல் அதைச் சட்டத்துக்குள்ளேயே எழுதினார்கள். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், எழுதியிருந்தாலும் இது அரசியல் மரபுதான், இதை அமல்படுத்துவது எங்கள் வேலையில்லை என்று சொல்லிவிட்டது. "எங்கே எழுதியிருக்கிறது" என்ற கேள்விக்குப் பக்க எண்ணோடு பதில் இருந்தும் பயன் இல்லாத இடம் இது. மாணவர்கள் இதை எழுதினால் நான் கூடுதலாக ஒரு மதிப்பெண் போடுவேன்.

தொகுத்த நாடுகளுக்கும் இது வேண்டும்

"அவர்களுக்கு மரபு, நமக்குப் புத்தகம்" என்று பிரித்து எழுதிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவிடம் தொகுத்த அரசியலமைப்பு இருக்கிறது. அதில் பிரதமர் என்ற சொல்லே கிடையாது. 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் கெர், மக்களவையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமர் விட்லத்தைப் பதவிநீக்கம் செய்தார். புத்தகத்தில் அதிகாரம் இருந்தது, மரபு மீறப்பட்டதா என்று இன்னும் சண்டை நடக்கிறது. நம் 75-ஆம் பிரிவும் பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று நிறுத்திக்கொள்கிறது. பெரும்பான்மை உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும் என்பது வார்த்தையில் இல்லை. நாடாளுமன்றச் சிறப்புரிமை பற்றிய 105-ஆம் பிரிவோ, நாமாக வரையறுக்கும் வரை லண்டன் மக்களவைக்கு என்ன உண்டோ அது நமக்கும் உண்டு என்றே முதலில் எழுதப்பட்டது. அந்த அவையின் பெயரை 1978-இன் 44-ஆம் திருத்தம்தான் எடுத்தது. 28 வருடம் நம் பைண்டு புத்தகம் அவர்கள் தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தேர்வில் "நன்மை தீமைகள்" கேட்டால் பட்டியல் போடாமல் இரண்டே கதை எழுதுங்கள். வளைந்துகொடுக்கும் என்பதற்கு 1911, வளைத்தும் விடலாம் என்பதற்கு 2019 டிசம்பர் தேர்தல். விடைத்தாள் திருத்துபவர் அன்றைக்கு நாற்பதாவது பட்டியலைப் படித்துக்கொண்டிருப்பார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான்.

கடைசியாக ஒன்று. நோட்டின் முதல் மூன்று பத்தியைப் பேனாவில் எழுதுங்கள். நாலாவதைப் பென்சிலில் எழுதுங்கள். படையை வெளிநாட்டுக்கு அனுப்புவது அரச சிறப்புரிமை. 2003-இல் ஈராக் போருக்கு முன் மக்களவையில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 2013-இல் சிரியாவுக்காக வைத்து 285-க்கு 272 என்று அரசு தோற்றது, படையும் போகவில்லை. நான் மகிழ்ச்சியாக "மக்களவை கேட்கும்" என்று எழுதினேன். 2018 ஏப்ரலில் பிரதமர் தெரசா மே வாக்கெடுப்பு இல்லாமலே சிரியாவில் குண்டு வீச உத்தரவிட்டார், பிறகுதான் அவையில் வந்து விளக்கம் சொன்னார். அழித்துவிட்டு "கேட்கலாம்" என்று எழுதினேன். அந்த இடத்தில் காகிதம் கொஞ்சம் நைந்து போயிருக்கிறது.